2795-க்கு 2490

கேள்வி: முன்னேற வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு சினிமா பார்த்தால்கூட நேரம் வீணாகிறதே என்று மனசு உறுத்துகிறது. சாதிக்கவும் வேண்டும், வாழவும் வேண்டும் என்றால் நடக்குமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: டார்வினுக்கு நடந்தது. டவுன் என்ற கிராமத்தில் இருந்த தன் வீட்டில் காலை 8 மணிக்கு வேலையைத் தொடங்குவார். பகல் 12 மணிக்கெல்லாம் முக்கியமான வேலை முடிந்துவிடும். பிறகு மணற்பாதையில் நடை, மதியம் யாராவது நாவல் வாசிக்கக் கேட்டபடி ஓய்வு, மாலையில் இன்னும் ஒரு மணி நேர வேலை. இரவானால் மனைவி எம்மாவுடன் பேக்கேமன் ஆட்டம். 1876-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தான் வென்றது 2795, எம்மா வென்றது 2490 என்று குதூகலமாகக் கணக்குச் சொல்கிறார். உயிரினங்களின் கதையையே மாற்றி எழுதியவர், ஆட்டக் கணக்கையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்! அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, ஆபீஸ் போக வேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி கிடையாதுதான். ஆனால் அவரும் ஒன்றைத் தவறவிட்டார். கவிதையையும் இசையையும் ரசிக்கும் மனம் வயதான காலத்தில் போய்விட்டதே, மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது இரண்டுக்கும் நேரம் ஒதுக்குவேன் என்று தன்வரலாற்றில் வருந்தினார். உங்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வாரமே.