துண்டு போட்டா இடம் கெடைக்காது, மருமவனே

வாரும் மருமவனே, இப்படித் திண்ணைல இரியும். உங்க அத்த காப்பி போடுதா. அம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போறீராமே! எங்க அக்கா, அதான் உங்கம்மா, காலைலேயே வந்து தெரு பூராச் சொல்லிட்டுப் போயிட்டா. நாலு ராத்திரி, சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட்டு பாத்துட்டு மறுபடியும் சிங்கப்பூர்லயே எறக்கம். நானும் போன வருசம் அதே தடத்துல போயிட்டு வந்தவன்தானே. என் மவன் கூட்டிட்டுப் போனான். நான் அங்க பண்ணின கூத்துல பய மூணாம் நாளு என்னைத் தெரியாத மாதிரி பத்தடி முன்னால நடக்க ஆரம்பிச்சுட்டான்.

எங்கய்யாவும் சிங்கப்பூருக்குக் கப்பல்ல போனவருதான், தெரியும்லா? ராஜுலா கப்பல். 1926ல கட்டுனது. யுத்தத்துக்கு முந்தி நாகப்பட்டணத்துல ஏறி, தளத்துல பாய விரிச்சு, தகரப்பெட்டிய தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டே போனாராம். போய்ச் சேந்ததும் ஊருக்குள்ள விடாம, சென்ட் ஜான்ஸ் தீவுல எறக்கி, நோய் நொடி இருக்கான்னு காவல்ல வச்சுப் பாத்துட்டுத்தான் விட்டானாம். அவருக்கு மெத்தையும் இல்ல, மெனு கார்டும் இல்ல. ஆனா ஒண்ணு, எறங்கும்போது ‘இந்தாரும் பில்லு’ன்னு எவனும் நீட்டல.

உமக்கு நீட்டுவான். அதனால ஒண்ண மட்டும் மனசுல முடிஞ்சுக்கிடும். கப்பல்காரன் உம்மகிட்ட ரெண்டு பேச்சு பேசுவான். ஒண்ணு கண்டிப்பா, மொகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு. அது உம்ம உசுருக்கு. இன்னொண்ணு சிரிச்சுக்கிட்டு, தட்டுல பூவச்சு. அது உம்ம மடிச்சீலைக்கு. நான் ரெண்டையும் மாத்திக் கேட்டுட்டேன். சிரிச்சவன்கிட்ட எல்லாம் தலைய ஆட்டிட்டு, கடுகடுத்தவன்கிட்ட மல்லுக்கு நின்னேன்.

மொதல்ல காயிதம். பாஸ்போர்ட்டு ஆறு மாசத்துக்குக் கொறையாம உசுரோட இருக்கணும். அப்புறம் விசா. சிங்கப்பூருக்குள்ள நீரு ரெண்டு தடவ நுழையுதீரு. பிளேன்ல போய் ஒண்ணு, கப்பல்லருந்து எறங்கும்போது ஒண்ணு. ஒரு தடவைக்கு மட்டும் உள்ள விசாவ வாங்கி வச்சுக்கிட்டு நின்னீருன்னா கடலுக்கும் கரைக்கும் நடுவுல திரிசங்குதான். நல்லாப் பாத்துக்கிடும். கப்பல் கம்பெனிக்காரன் பெட்டில கட்டுததுக்கு அட்டை அனுப்புவான். அதக் கட்டிப் பெட்டியத் துறைமுகத்துலயே குடுத்துரணும். அது சாவகாசமா சாயங்காலத்துக்கு உம்ம ரூம் வாசலுக்கு வரும். பாஸ்போர்ட்டையும் அக்காவோட பிரசர் மாத்திரையையும் அந்தப் பெட்டிக்குள்ள வச்சுட்டு நிக்காதேயும். நான் வச்சுட்டு நின்னேன். பெட்டிகளா குவிஞ்சு கெடந்த மலைல என் மவன் அர மணி நேரம் ஏறி எறங்கினான்.

பெட்டிக்குள்ள என்ன வைக்கப்போறீரு? அக்கா ரைஸ் குக்கர் எடுக்கணும்னு சொல்லுதா. உங்க அத்தையும் எடுத்தா. பெட்டி எக்ஸ்ரேல போச்சு, வரல. எங்களை ஒரு ரூமுக்குக் கூப்புட்டு விட்டாங்க. போனா அங்கன சீனாக்காரரு ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியோட நிக்காரு, ஒரு வெள்ளக்கார அம்மா மெழுகுவர்த்தியோட நிக்கா, நடுவுல உங்க அத்த குக்கரோட. பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம் எழுதாதவன் வரிசை மாதிரி. ரசீது குடுத்து வாங்கி வச்சுக்கிட்டான், எறங்கும்போதுதான் திருப்பித் தந்தான். சூடாகுத சாமான் பெரும்பாலும் ஆகாதாம். கொழந்த பால் சுட வைக்கக் கெட்டிலுன்னாலும் ஆகாது, வயர் இழுத்து நாலு பிளக்கு சொருகுத பெட்டியும் ஆகாது. எனக்குக் கோவம் வந்து, ‘சுத்தித் தண்ணியாக் கெடக்கு, தீக்கு ஏம்ல இந்தப் பயம்’னு கேட்டுட்டேன். மவன் பல்லக் கடிச்சான்.

அன்னைக்கு ராத்திரி அவன் சொன்னதக் கேட்டப்புறந்தான் வாய மூடினேன். 2006 மார்ச்சுல ஸ்டார் பிரின்சஸ்னு ஒரு கப்பல் ஜமைக்காப் பக்கம் போகுது. எவனோ பால்கனில அணைக்காமப் போட்ட சிகரெட்டாத்தான் இருக்கும்னு விசாரிச்சவங்க எழுதியிருக்காங்க; வரிசையா பால்கனியும் ரூமுமா கருகி, ஒருத்தர் செத்தே போனாரு. கடல் நடுவுல தீ புடிச்சா மண்ணு வாரிப் போடவும் ஆளு வராது, வண்டியும் வராது. ஓடுததுக்குத் தெருவும் இல்லல்லா? அதனால பால்கனில பீடி பத்த வைக்குத ஆசைய ஊர்லயே கழத்தி வச்சுட்டுப் போயிரும். பொகைக்கணும்னா அதுக்குன்னு ஒரு மூலை காட்டுவான்.

சாப்பாடும் வீட்டுல சமைச்சது ஏறாது. கடைல சீல் வச்ச பருப்புப்பொடி பாக்கெட்டு பெரும்பாலும் ஏறும். அத்தோட நிறுத்திக்கிடும்.

ஏறினதும் ‘மஸ்டர்’னு ஒண்ணு சொல்லுவான். ஆபத்து வந்தா எங்க கூடணும்னு காட்டுதது. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அதக் கேட்டா எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போயிரணும். இப்பப் பல கப்பல்ல போன்லயே படத்தப் பாத்துட்டு, அந்த எடத்துல போய் அட்டையக் காட்டித் தலையக் காட்டினா முடிஞ்சுது. நான் பந்தி போட்டுட்டான்னு சாப்பாட்டுப் பக்கம் நழுவினேன். எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாம்வே, கப்பல் பூராக் கேக்குத மாதிரி! கல்யாண வீட்டுல கூட என்னைய அப்படித் தேடினதில்ல.

அதுக்கும் காரணம் இருக்கு. 2012 ஜனவரி 13, இத்தாலில ஜிலியோ தீவுப் பக்கம் கோஸ்டா கான்கார்டியா பாறைல இடிச்சு ஒருக்களிச்சு விழுந்துச்சு. 32 பேர் போயிட்டாங்க. அப்ப உள்ள சட்டப்படி ஏறின 24 மணி நேரத்துக்குள்ள சொல்லிக் குடுத்தாப் போதும். அன்னைக்குச் சாயங்காலம் ஏறின கூட்டத்துக்கு ஒண்ணுமே சொல்லித் தரல. கேப்டனோ சனங்க எல்லாரும் எறங்குததுக்கு முந்தியே கரைல நின்னாரு, அதுக்குச் செயிலுக்கும் போனாரு. அதுக்கப்புறந்தான் கப்பல் கெளம்புததுக்கு முந்தியோ கெளம்பின கையோடயோ நடத்திரணும்னு மாத்தினாங்க. அதுக்கும் நூறு வருசம் முந்தி டைட்டானிக்ல 2,200 பேருக்கு மேல இருந்தாங்க, படகுல இருந்தது 1,178 பேருக்கு இடம். அந்தக் கணக்குப் பிசகுனதாலதான் 1914ல பல நாட்டுக்காரங்க கூடி ஒரு ஒப்பந்தம் எழுதினாங்க. அதனால பந்தி எங்கயும் போகாது, நீரு மஸ்டருக்குப் போரும்.

இப்ப சிரிக்குத பேச்சுக்கு வருவோம். ஏறும்போதே ஒரு அட்டை தருவான். ரூம் தொறக்க அதுதான், சாமான் வாங்க அதுதான், எறங்கி ஏற அதுதான். பிள்ளைங்க அதத் தாலி மாதிரி கழுத்துல மாட்டிக்கிட்டு அலையும். ரூவா நோட்டக் கையால தொடவே விடமாட்டான், அதான் சூட்சுமம். எண்ணிக் குடுக்கும்போதுதானே நமக்கு வலிக்கும்? அட்டையத் தேச்சா சொகமா இருக்கு.

ரூம்ல ரெண்டு தண்ணி பாட்டிலு, பக்கத்துல முந்திரிப்பருப்பு. விருந்தாளிக்கு மொதல்ல தண்ணி குடுக்குதது நம்ம வழக்கம்லா? கப்பல்காரனும் நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு நெனச்சு ரெண்டையும் குடிச்சேன். மறுநா கணக்கப் பாத்தா, அந்த வெலைக்கு நம்ம ஊர்ல லாரித் தண்ணி வாங்கலாம். பாட்டில் கழுத்துல சின்னதா ஒரு சீட்டுத் தொங்குச்சு, நான்தான் திருஷ்டிக்குக் கட்டியிருக்கான்னு நெனச்சுட்டேன். பந்திக் கூடத்துல தண்ணி சும்மா, சாதாரண டீ காப்பி சும்மா, பெரிய சாப்பாட்டு ஹால் சும்மா, ராத்திரி நாடகம், நீச்சல் கொளம் எல்லாம் சும்மா. தனியா வெளக்குப் போட்டு, மேசைல பூ வச்சு, வாசல்லயே ஒருத்தன் ‘வாங்க’ன்னு குனிஞ்சான்னா அங்கன காசு. ஏறும்போது ‘சிரிங்க’ன்னு படம் புடிப்பான் பாரும், அதுவும் காசு. நான் மீசைய முறுக்கிக்கிட்டு நின்னேன். அந்தப் படத்துக்கு அவன் சொன்ன வெலைக்கு மீசையவே வித்துறலாம். வைஃபை காசு, சலவை காசு, மசாஜு காசு. பானத்து வெலைக்கு மேல பல கப்பல்ல 18 சதவீதம் வேற ஏத்துவான்.

டிப்ஸும் நீரு குடுக்க வேண்டியதில்ல, அவனே எடுத்துக்கிடுவான். ஆளுக்கு நாளைக்கு 15, 20 டாலர்னு கணக்குல விழுந்துக்கிட்டே இருக்கும். பிள்ளைங்களுக்கும் சேத்துப் போடுத கப்பல் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கிடும். அதுல மட்டும் மொணங்காதேயும். நம்ம ரூமப் பாத்துக்கிட்ட பையன் கோவாக்காரன், பொஞ்சாதி பிள்ளையப் பாத்து ஏழு மாசமாச்சுன்னான். தெனமும் துண்ட மடிச்சு யானை, அன்னம்னு கட்டில்ல வச்சுட்டுப் போவான். மொத நாளு இருட்டுல கொரங்கு ஒண்ணு தொங்குதுன்னு நான் செருப்பத் தூக்கிட்டேன்.

தெனம் ராத்திரி கணக்க ஒரு தடவ பாத்துரும். கடைசி நாளு மொத்தமாப் பாத்தா நெஞ்சு அடைச்சிரும், வைத்தியருக்கும் அங்க தனிக் காசு. கரைய விட்டு வெலகினதும் போன பிளேன் மோடுல போட்டுரும். இல்லைன்னா கப்பலோட டவரப் புடிச்சுக்கிட்டு, நீரு தூங்கும்போதே உம்ம போனு ரோமிங்குல ஆயிரக்கணக்குல தின்னுரும். சூதாட்டக் கூடம் கரைய விட்டு நல்லா வெலகினப்புறந்தான் தொறக்கும். தொறந்தா என்ன, நீரு அந்தப் பக்கம் கண்ணத் திருப்பினா அக்காகிட்ட நான் இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வச்சாப் போதும்.

இப்பத் துண்டுக் கதைக்கு வாரேன். காலைல ஆறு மணிக்கு நீச்சல் கொளத்தோரம் நல்ல நெழலா ஒரு சாய்மானக் கட்டில். நமக்கு ரத்தத்துலயே இருக்கே, கோயில்பட்டி பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டு போட்ட கை! சிவப்புக் கரைத் துண்ட விரிச்சுட்டு இட்லி திங்கப் போயிட்டேன். ஆமா, இந்தியச் சாப்பாட்டு வரிசைல இட்லி இருந்துச்சு, கல்லு மாதிரி, ஆனா இருந்துச்சு. ரெண்டு மணி நேரங்கழிச்சு வந்தா என் கட்டில்ல ஒரு வெள்ளக்காரரு கவுந்து கெடக்காரு. துண்டக் காணோம். என்னன்னு கேட்டா, அர மணி முக்கா மணிக்கு மேல ஆளில்லாத துண்ட எடுத்துருவாங்களாம். நம்ம கண்டக்டருங்க கூட மதிச்ச துண்டு! போய் அடையாளஞ் சொல்லி வாங்க வேண்டியதாப் போச்சு. கொளத்துக்கு அவங்க தாரத் துண்டையும் மறக்காமத் திருப்பிக் குடுத்துரும், இல்லைன்னா அதுவும் கணக்குல ஏறும்.

வந்த கோவத்துல வேட்டியத் தொவச்சுப் பால்கனிக் கம்பில கட்டினேன். காத்து அடிச்ச அடில அது கீழ் மாடிக்காரங்க வாசல்ல படபடன்னு ஆடியிருக்கு. போனுக்கு மேல போனு. பால்கனில துணி காயப் போடப்படாது, கடல்ல போனாலும் போகும், கப்பல் மேல சுத்தினாலும் சுத்தும். குளிக்குத எடத்துலயே ஒரு கயிறு இழுத்தா வரும், அதுல போட்டுக்கிடும்.

பினாங்குல எறங்கினா துறைமுகத்துலருந்து நடந்தே குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போயிரலாம். பழைய கோயில், 1833ல கட்டுனது. சுத்தி நம்ம சனம், நம்ம பேச்சு, மல்லியப்பூ. அங்கன ஒரு சிவகெங்கைக்காரருகிட்டப் பேச்சுக் குடுத்து நேரம் போனதே தெரியல. கப்பல் நமக்காக நிக்காதுவே! அவன் ஏற்பாடு பண்ணின சுத்துலாவுல போய் லேட்டானா காத்து நிப்பான், நாம தனியாப் போனா டாட்டாதான். புக்கெட்டுல இன்னொரு கண்ணி இருக்கு. அங்க சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் கொறச்சல். கப்பல் தன் கடிகாரத்த மாத்தாம வச்சிருப்பான், உம்ம போனோ கரைக்குத் தக்கன தானா மாறிக்கிடும். ‘நாலு மணிதானே ஆகுது’ன்னு நீரு எளநீ குடிச்சுக்கிட்டு இருப்பீரு, அங்க அஞ்சாகி ஏணிய எடுத்திருப்பான். என்னை மாதிரி கைல பழைய கடிகாரத்தக் கட்டிக்கிட்டுப் போரும். அதுக்கு ஊரு தெரியாது, சாவி குடுத்தா ஓடும்.

பந்திக்குப் போகும்போது வாசல்ல ஒருத்தன் கை கழுவச் சொல்லிப் பாட்டே பாடுவான். சும்மா சானிடைசர் தைலத்தத் தெளிச்சுக்கிட்டுப் போகாம சோப்புப் போட்டுக் கழுவும். வாந்தி பேதிக் கிருமி ஒண்ணு இருக்கு, அது அந்தத் தைலத்துக்கெல்லாம் அசையாதாம். ஒருத்தருக்கு வந்தா ஊருக்கே வந்துரும். வந்தவன ரூமுக்குள்ளயே போட்டுப் பூட்டுவான். எங்கய்யாவுக்குத் தீவு, நமக்கு ரூம், அம்புட்டுதான் வித்தியாசம்.

கடைசி ராத்திரி, பத்து பதினோரு மணிக்குள்ள பெட்டியெல்லாம் ரூம் வாசல்ல வச்சிரச் சொல்லுவான். விடியக் கரைல போய் எடுத்துக்கிடலாம். நான் ரொம்ப ஒழுங்காப் பண்ணினேன், ஒண்ணு விடாம எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சுப் பூட்டி வெளிய தள்ளிட்டேன். காலைல எந்திரிச்சாத்தான் தெரியுது, மேல பனியன், கீழ லுங்கி. வேற ஒண்ணும் இல்ல. பய குடுத்த சட்டை ஒண்ணு, மாரில என்னமோ மண்டையோடு படம் போட்டது, அதப் போட்டுக்கிட்டுச் சிங்கப்பூர் அதிகாரி முன்னால நின்னேன். அவரு பாஸ்போர்ட்டுப் படத்தப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, லுங்கியப் பாத்தாரு. நல்ல மனுசன், சிரிக்காம உள்ள விட்டுட்டாரு.

வெளிய வந்தா ஆயிரம் கறுப்புப் பெட்டி வரிசையா நிக்குது. அக்கா பெட்டிக் கைப்பிடில ஒரு மஞ்சத்துணியக் கட்டிரும்.

அட, முக்கியமானத விட்டுட்டேனே. ஏ புள்ள, அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் சொம்ப எடுத்தா! மருமவனே, இது சிங்கப்பூர்ல, தேக்காக் கடைத்தெருவுல வாங்கினது. கப்பல் கக்கூஸ்ல எல்லாம் காயிதந்தான், தண்ணியே கெடையாது. பித்தான அமுக்கினா பேய் உறுமுத மாதிரி ‘கர்ர்’னு உறிஞ்சும், அதுக்குள்ள காயிதத்தத் தவுர ஒண்ணையும் போட்டுராதேயும், அடைச்சா அடுத்த ரூமுக்காரனும் உம்ம பேரச் சொல்லித் திட்டுவான். இந்தச் சொம்பக் கைப்பைல வச்சுக்கிடும், எக்ஸ்ரேல ஒண்ணும் சொல்லமாட்டான். ஆனா திரும்பி வந்ததும் கொண்டாந்து தந்துரணும். அடுத்த மாசம் உங்க சின்னத்தான் வேற அந்தமானுக்குப் போகுதேன்னு கேட்டு வச்சிருக்கான்.