தின்னத் தாத்தாவுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ, ரொறன்ரோ.
கார்த்திகை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் இந்நாட்டுப் பனியைப் பற்றியும், வீட்டு வாடகையைப் பற்றியும், மருமகனுடைய சம்பளத்தைப் பற்றியும் வரிசையாகக் கேட்டிருக்கிறாய். பனி இன்னும் கொட்டத் தொடங்கவில்லை, வாடகை அதிகம், சம்பளத்தை மருமகன் எனக்குச் சொன்னதில்லை. அந்த விஷயங்கள் இத்துடன் முடிந்தன. தொலைபேசித் திரையிலேயே வாரந்தோறும் முகம் பார்த்துக்கொள்ளும் இக்காலத்தில் காகிதமும் பேனையும் எதற்கு என்று நீ கேட்கக்கூடும். அந்தத் தொலைபேசியை எடுத்த மறுகணமே பேரன் பறித்துக்கொண்டு ஓடிவிடுவதால், அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் பேசுவதற்கு இந்த ஒரு மார்க்கந்தான் எனக்கு மிச்சம்.

முக்கியமான சமாசாரம், இந்த வீட்டில் உனக்கு நாமகரணம் நடந்திருக்கிறது என்பது. உன்னைச் 'சின்னத் தாத்தா' என்று அழைப்பதாக மனப்பூர்வமாக எண்ணிக்கொண்டு, பேரன் உன்னைத் 'தின்னத் தாத்தா' என்று அழைத்து வருகிறான். மாசி மகத்து அன்னதானத்தில் முதற் பந்தியில் எழுந்து மூன்றாம் பந்தியிலும் முகங்கோணாமல் நீ அமர்ந்த வைபவத்தை இவனுக்கு யார் சொல்லியிருக்கக்கூடும் என்று, நான் உன் அண்ணியைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தேன். அவள் சத்தியம் செய்தாள். பிறகு ஆராய்ந்ததில், குழந்தையும் நிரபராதியே என்று தெரிந்தது. இரண்டரை வயதாகும் அவனுடைய வாயில் சகரத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. சகரம் வரவேண்டிய இடங்களிலெல்லாம் தகரமே வந்து உட்காருகிறது. சாமி தாமியாகிறார், சட்டை தட்டையாகிறது, சப்பாத்தி தப்பாத்தியாகிறது, அந்த வரிசையிலே நீயும் தின்னத் தாத்தா ஆனாய்; ஆகையால் கோபம் கொள்ளாதே.

ககரமும் அதே கதிக்கு ஆளாகியிருக்கிறது. கார், தாராகி ஓடுகிறது. குளிர் என்னும் சொல்லின் தலையும் வாலும் திரிந்து 'துளி' என்று வெளிப்படுகிறது. காது மடல் விறைத்து, தொப்பியும் கையுறையும் இரட்டைச் சட்டையுமாய் நான் வாசலில் நடுங்கி நிற்கையில், 'தாத்தா, துளி' என்று அவன் நிதானமாகத் தெரிவிக்கும்போது, இது துளியா என்று இந்த ஊரின் வானத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றுகிறது. இவற்றையெல்லாம் தூக்கியடித்த சம்பவம் காக்கையைப் பற்றியது. எதிரேயுள்ள விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை வந்தமர்ந்தது. ஜன்னலருகில் நின்றிருந்த பேரன் கையை நீட்டி, 'தாத்தா! தாத்தா!' என்று கூவினான். 'என்னப்பா?' என்று நான் எழுந்து போனேன். அவன் கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூப்பிட்ட ஒரே குரலுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டதில் அவன் முகத்தில் உண்டான திருப்தியை என்னால் வர்ணிக்க முடியாது. காக்கையைப் பிதிர்களின் ரூபமாகப் பாவித்து அமாவாசைக்கு அமாவாசை சோறு வைக்கும் பரம்பரையில் வந்தவன் அதைத் தாத்தா என்று அழைப்பதில் சாஸ்திர விரோதம் ஏதுமில்லை. காலத்தைத்தான் சற்று முந்திக்கொண்டு விட்டான். 'நீங்கள் காலையில் தேவாரம் பாடுகிற குரலையும் உத்தேசித்துத்தான் பிள்ளை சொல்லியிருக்கிறான்' என்றாள் உன் அண்ணி. அதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதிவிட்டேன்.

உத்தியோக காலம் முழுவதும், ரகர றகர பேதத்தையும் லகர ளகர ழகர பேதத்தையும் பிள்ளைகளின் வாயில் ஏற்றுவதற்காகத் தொண்டை வற்றப் பாடுபட்டவன் நான் என்பதை நீ அறிவாய். அத்தகைய எனக்கே, தொல்காப்பியர் பிறப்பியலில் எதற்காக ஒவ்வோர் எழுத்தும் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று அவ்வளவு சிரத்தையோடு சொல்லி வைத்தார் என்பது இந்தப் பேரனின் வாயைப் பார்த்த பிறகுதான் முழுதும் விளங்குகிறது. உதடு இரண்டும் பொருந்தினால் பகரமும் மகரமும் பிறந்துவிடுகின்றன. அவை அம்மாவின் உதட்டில் பிறப்பதைக் குழந்தை கண்ணாலும் பார்க்கிறது. நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினாலன்றி ழகரம் பிறப்பதில்லை. அந்த வித்தையோ வாய்க்குள்ளே மறைவாக நடக்கிறது. ஆகவே அது எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவதில் வியப்பில்லை. அதுவரை பழம் 'பயம்' தான். 'தாத்தா, பயம் வேணும்' என்று வந்து கேட்கிறான். பயம் வேண்டி ஒருவரிடம் போய் நின்ற பிராணியை நான் இதுகாறும் கண்டதில்லை. உரித்துக் கொடுத்த பயத்தைத் தின்று முடித்து, தோலைச் சோபாவின் இடுக்கில் செருகிவிட்டு, இன்னொரு பயம் கேட்கிறான்.

அவன் காதிலும் அப்படித்தான் விழுகிறதோ என்று பார்ப்பதற்காக, ஒரு மாலையில், 'வாடா, தப்பாத்தி சாப்பிடுவோம்' என்று அழைத்தேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'தப்பாத்தி இல்ல! தப்பாத்தி!' என்று காலை உதைத்துத் திருத்தினான். 'சப்பாத்தியா?' என்றேன். 'ஆ, தப்பாத்தி' என்று சமாதானமாகி மடியில் ஏறினான். 1960-ஆம் வருஷத்தில் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதி வைத்திருப்பதும் இதே நாடகந்தான்: அங்கே தன் பொம்மை மீனை 'ஃபிஸ்' என்று சொல்லி வந்த குழந்தை, பெரியவர்களும் 'ஃபிஸ்' என்றபோது இல்லையென்று மறுத்து, 'ஃபிஷ்' என்ற பிறகே ஆமென்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் 'ஃபிஸ்' என்றதாம். லண்டனில் நீல் ஸ்மித் என்னும் மொழியியலார், தம் மகனின் மழலையை வைத்து 1973-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். புதிருக்குரிய 'பஸில்' என்ற சொல்லை அந்தப் பையன் 'படில்' என்பானாம்; மழைநீர்க் குட்டைக்குரிய 'படில்' என்ற சொல்லையோ 'பகில்' என்பானாம். ஆக, 'படில்' என்று சொல்ல வாய் வராமலில்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல், சொல்லவேண்டாத இடத்தில் திருத்தமாகச் சொன்னான். இவர்கள் தப்புச் செய்வதிலும் ஒரு சட்டம் வைத்துக்கொண்டே செய்கிறார்கள். என் மாணாக்கர்கள் தப்புச் செய்தபோது இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

வீட்டுக்குள் நடப்பது இவ்வாறிருக்க, டேகேரில் நடப்பதைக் கேள். அங்கே இவனைக் கவனிக்கும் அம்மையார் பரம சாது. தமிழ் மட்டும் அறியார். ஒருநாள் இவன் 'பால், பால்' என்று அழுதிருக்கிறான். நம் 'பால்' இந்த ஊரார் செவிக்குப் பந்தைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லாகவே கேட்பதால், அவர் அன்போடு ஒரு பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். அழுகை வலுத்தது, இன்னும் பெரிய பந்து வந்தது. மகள் அழைத்துவரப் போனபோது, மூன்று பந்துகளின் நடுவே தாகத்தோடு உட்கார்ந்திருந்தானாம். அதைவிட விபரீதமான இன்னொன்றைச் சபை நாகரிகம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவசரமான ஒரு தேகபாதையைத் தெரிவிப்பதற்காக, தமிழ்க் குழந்தைகள் பலரும் சொல்வதுபோலவே 'ஆய்' என்றிருக்கிறான். அம்மையார் முகமலர்ந்து, கையை அசைத்து, 'ஹாய்!' என்றார். அவன் மீண்டும் சொன்னான். அவரும் முன்னிலும் உற்சாகமாகப் பதில் சொன்னார். இந்தக் குசலப் பிரச்னம் எவ்வாறு முடிந்தது என்பதை நீயே ஊகித்துக்கொள்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒரு சிநேகிதர், மருமகனைத் தனியே அழைத்து, 'இரண்டு பாஷையைப் போட்டுக் குழப்பினால் பிள்ளைக்குப் பேச்சே திருந்தாது. கொஞ்ச காலத்துக்கு வீட்டில் தமிழை நிறுத்தி வையுங்கள்' என்று புத்திமதி சொல்லிப் போனார். மகளுக்குக் கலக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மாத்தளை ஞாபகமும் வந்தது. 'தாத்தா' என்றால் நமக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரி. ரத்தோட்டை வீதியில் நாம் குடியிருந்தபோது, அந்த மூன்று வீடுகளும் அடுத்தடுத்து இருந்தமையால், தெருவில் ஒரு குழந்தை 'தாத்தா' என்று குரல் கொடுத்தால் ஒரு வாசலில் பாட்டனும், ஒரு வாசலில் தகப்பனும், ஒரு வாசலில் அக்காளுமாக மூவர் எட்டிப் பார்ப்பார்கள். தான் யாரை அழைத்தோம் என்பதில் குழந்தைக்கு மாத்திரம் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. தோட்டத்தில் நம் பாட்டன்மார், துரைமார் சொன்ன 'பரேட்' என்பதைப் பிரட்டு ஆக்கிப் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தார்கள்; போர்த்துக்கீசர் விட்டுப்போன 'காமரா' நம் லயத்தில் காம்பரா ஆயிற்று; ஒல்லாந்தரின் 'ஸ்தூப்' இஸ்தோப்பு ஆயிற்று. அவர்களை யாரும் வைத்தியரிடம் அழைத்துப் போகவில்லை. சொல்லைத்தான் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

மகளின் மனச்சமாதானத்துக்காகப் புத்தகங்களையும் புரட்டினேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சு கெடுவதில்லை என்பதே இத்துறையில் ஆராய்ந்தவர்களின் முடிவு. வேர்னர் லியோபோல்ட் என்னும் பேராசிரியர், அமெரிக்காவில் தம் மகளிடம் தாம் ஜெர்மன் மொழியும் மனைவி ஆங்கிலமும் பேசி வளர்த்து, அக்குழந்தையின் பேச்சையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி, 1939 முதல் 1949 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டிருக்கிறார். மற்றும், அந்நியர் ஒருவருக்கு இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சில் பாதியும், மூன்று வயதில் முக்காலும், நான்கு வயதில் ஏறக்குறைய முழுவதும் விளங்கினால் போதும் என்று வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் பேரன் தேறிவிட்டான். பேசவே தொடங்காத பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவதுதான் விவேகம். ஓயாமல் பேசுகிற பிள்ளைக்காகத் தமிழை நிறுத்துவது என்ன நியாயம் என்று மருமகனிடம் கேட்டேன். 'ஓயாமல்' என்ற சொல்லை மட்டும் அவர் உடனே ஆமோதித்தார்.

குழந்தைகள் அனைவரும் தங்களுக்குள் ஏதோ ஓர் உடன்படிக்கை செய்துகொண்டே பிறக்கிறார்களோ என்றுகூட எனக்கு ஐயமுண்டு. பரிணாமக் கொள்கையை வகுத்த டார்வின், தம் மூத்த மகனின் சைசவத்தைப் பற்றி 1877-ல் 'மைண்ட்' என்னும் பத்திரிகையில் எழுதியபோது, அவன் ஒரு வயதில் ஆகாரத்துக்குத் தானாகவே ஒரு சொல் சிருஷ்டித்தான் என்று வியந்தார். அந்தச் சொல் 'மம்'. நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக 'மம்மு' ஊட்டுகிறவர்களுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளை சர்க்கரையை 'ஷு-மம்' என்றும், பிறகு கறுப்பு என்ற சொல்லைக் கற்றதும் அதிமதுர மிட்டாயைக் 'கறுப்பு ஷு-மம்' என்றும் தொகைநிலைத் தொடர் அமைத்ததைப் படித்தபோது, அவனுக்கு நன்னூல் பாடம் சொல்ல நான் இல்லாமற் போனேனே என்று வருந்தினேன். எதிர்வீட்டுக் கொரியக் குழந்தை தன் தகப்பனை 'அப்பா' என்றே அழைக்கிறது. பூங்காவில் அது கூப்பிட்டபோது, அந்தக் கொரியரும் நம் மருமகனும் ஒருங்கே திரும்பினார்கள். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பனாம், 'தேதா' என்றால் தாயாம்; நம் தாய்மாமன்மார் அந்தத் தேசத்துக்குப் போனால் சற்று ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். மகள் சிரிக்கிறாள். செவிவழியாகவே வந்த திரிபிடகம் போரிலும் பஞ்சத்திலும் அழிந்துவிடலாகாதென்று, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்ஷுக்கள் கூடி ஓலையில் எழுதிய அலுவிகாரை, நம் டவுனுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு எழுதி வைக்கும் புத்தி வராமல் வேறு யாருக்கு வரும் என்று கேட்டால், பதிலில்லை. ஆறு மாதத்துக்கு முன் கார் 'ஆ' என்றிருந்தது, இப்போது 'தார்' என்கிறான் என்பதற்கு இந்த வீட்டில் அந்தக் கொப்பியைத் தவிர வேறு சாட்சி இல்லை, பெற்றவர்களே மறந்துவிட்டார்கள்.

மாசி மகத்துக்கு நாங்கள் எல்லோரும் வருவதாக நிச்சயித்திருக்கிறது. முத்துமாரி அம்பாளின் ஐந்து தேர்களையும் பேரன் பார்க்கவேண்டும் என்பது உன் அண்ணியின் பிரார்த்தனை. கண்டியில் மாறி, 1880-ல் மாத்தளைவரை வந்து அத்தோடு நின்றுவிட்ட அந்தக் கிளைப் பாதையில் ரயிலேறி வரவேண்டும் என்பது என்னுடையது. ஆகவே சில எச்சரிக்கைகள். அவன் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கொஞ்சாதே. ரோஷக்காரன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். நீ திருத்தமாகப் பேசு, அவன் போக்கில் அவன் பேசட்டும். பயம் கேட்டால் கோலிக்குட்டு வாழைப்பழம் வாங்கிக் கொடு. தெருமுனை முஸ்லிம் கடை முதலாளியை எல்லோரும் 'காக்கா' என்று அழைப்பதைக் கேட்டு, இவனும் அவரைத் 'தாத்தா' என்று அழைப்பான். அவர்கள் வழக்கில் அது அக்காள் என்று ஆகிவிடுவதால், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை. கடைசியாக ஒன்று. பாப்பாவும் பாம்பும் இவன் வாயில் ஒரே சொல்லாய்ப் 'பாப்பு' என்று வருகின்றன. ஸ்காபரோவில் இதனால் பாதகமில்லை. மிளகுக்கொடியும் கொக்கோ மரமுமாக மண்டிக்கிடக்கும் நம் பின்புறத்தில் அப்படியல்ல. 'பாப்பு, பாப்பு' என்று இவன் சத்தமிட்டால், அயல்வீட்டுப் பிள்ளை விளையாட வந்திருக்கிறதென்று எண்ணி 'வாம்மா, உள்ளே வா' என்று உபசரித்துக்கொண்டு நிற்காதே; முதலில் இரண்டு காலையும் தூக்கித் திண்ணையில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்.