வெயிட் மாமா

போன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட மும்பைத் தமிழன், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருவரைப் போய்ப் பார்ப்பான். பார்த்த பிறகு கடைக்குப் போகமாட்டான். அந்த ஒருவர்தான் வெயிட் மாமா.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. சொசைட்டி வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை மற்ற எல்லோருக்கும் அவர் வெயிட் மாமாதான். ஊருக்கு ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுங்காவில் தெலாங் ரோடு பக்கம் ஒருவர் உண்டு. சயனில் உண்டு. முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் குடிபெயர்ந்தவர்களில் கணிசமாக உண்டு. நான் சொல்லப் போவது செம்பூர் சேடா நகரில் இருப்பவரைப் பற்றி. முருகன் கோயில் படி இறங்கி வருவார். நெற்றியில் விபூதி காய்வதற்குள் ஆலோசனை தொடங்கிவிடும்.

“மாமா, முப்பதாயிரத்துக்குள்ள ஒரு போன் பார்க்கறேன்.”

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். கேட்டவனை இரக்கத்தோடு பார்ப்பார்.

“வெயிட் பண்ணு.”

காரணம் சொல்லாமல் விடமாட்டார். ஜனவரி என்றால் லாஸ் வேகாஸில் கண்காட்சி நடக்கிறது, அங்கே என்ன வருகிறதென்று பார்க்க வேண்டும். பிப்ரவரியில் பட்ஜெட், டியூட்டியைக் குறைத்தாலும் குறைப்பான். மார்ச்சில் கையிருப்பைத் தள்ளுவார்கள், ஆகவே ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் எலக்ட்ரானிக் சாமான் வாங்குகிறவன் மடையன். செப்டம்பரில் ஆப்பிள்காரன் புதுசு இறக்குவான், பழசு விலை விழும். அக்டோபரில் தீபாவளித் தள்ளுபடி; ஆனால் விலையை ஏற்றிவிட்டுத்தான் தள்ளுவார்கள். டிசம்பர் வந்துவிட்டால் ஒரு மாதத்துக்காக ஒரு வருஷம் பழைய மாடல் ஆகிவிடும். மாமாவின் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு மாதமும் ஆடி.

இந்த ஞானம் அவருக்குக் கோட்டைப் பகுதியில் வந்தது. ஃப்ளோரா ஃபவுண்டன் அருகே ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தார். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னபோது, வாசலில் நின்று கம்ப்யூட்டர் ஒழிக என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் மாமாவும் ஒருவர். பிறகு கம்ப்யூட்டரில் உட்காருபவருக்குத் தனிப்படி என்று தெரிந்ததும், ஈ.டி.பி. என்ற கம்ப்யூட்டர் பிரிவுக்கு முதல் விண்ணப்பம் எழுதியவரும் அவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏ.சி. அறைக்குள் நுழைய வேண்டும். வெளியே மே மாத வெயில், உள்ளே மாமா ஸ்வெட்டரோடு. ஒழிக என்றவர் உட்காரப் போனது எப்படி என்று கேட்டால் சங்கடப்படவே மாட்டார். “நாங்க கோஷம் போட்டு டிலே பண்ணினோம். அதனால எங்களுக்கு ரெண்டு மாடல் தள்ளி வந்தது. முந்திண்டு வாங்கின பேங்கெல்லாம் அழுதுது.”

எரிச்சல் எதில் என்றால், மாமாவின் வாக்கு பொய்த்ததே இல்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசி நாட்டில் செல்போனைத் தொடங்கிவைத்தார். அப்போதெல்லாம் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். சேடா நகர் கான்ட்ராக்டர் ஒருவர் செங்கல் கனத்துக்கு ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மணி அடித்தால் எடுக்கமாட்டார், துண்டித்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிடுவார். மாமா பால்கனியில் நின்று இந்த ஓட்டத்தை எட்டு வருஷம் பார்த்தார். 2003-ல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. அதே வருஷ மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் அறிவிக்க, ஊரே வரிசையில் நின்றது. மாமா மட்டும் நிற்கவில்லை. “இன்னும் இறங்கும்.” இறங்கத்தான் செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேச்சும் இலவசம், முதல் சில மாதங்களுக்கு டேட்டாவும் இலவசம் என்றபோது, மாமா தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இருபத்தோரு வருஷம் வெயிட் பண்ணினேன். சும்மாவே குடுத்துட்டான் பார்த்தியா!”

அதுவரை மாமா எதில் பேசினார் என்று கேட்பீர்கள். மாமியின் போனில். மாமி யாரையும் கலந்து பேசாமல் ஒரு நாள் கறிகாய் வாங்கப் போன கையோடு டார்ச் வைத்த நோக்கியா 1100 ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கரண்ட் போனால் வீட்டில் அதுதான் வெளிச்சம். எந்த மாடல், எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று அவளுக்குத் தெரியாது. “பேசறது. கீழே விழுந்தாலும் பேசறது. போறாதா?” மாமியின் தொழில்நுட்ப விமர்சனம் இந்த மூன்று வாக்கியத்தோடு முடிந்துவிடும். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் திறந்து 2014-ல் மூடியும் விட்டது. மாமியின் போன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பாடு மாமாவுக்கென்றே போன் வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் பையன் புதுசு வாங்கும்போதெல்லாம் பழசு செம்பூருக்கு வரும். ஆகவே மாமாவின் கையில் எப்போதும் மூன்று வருஷத்துக்கு முந்தைய மிக உயர்ந்த போன் இருக்கும். விலை பூஜ்யம். இதையும் அவர் தன் கொள்கையின் வெற்றிக் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார். இடையில் 2016-ல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஒரு கம்பெனி அறிவித்து, முன்பதிவுக்கு ஜனங்கள் மொய்த்து வெப்சைட்டே படுத்துவிட்டதே, அன்றைக்கு மட்டும் மாமா முகத்தில் ஒரு சின்ன சலனம் தெரிந்தது. வெயிட் பண்ணினால் 51 ஆகும் என்று நினைத்திருப்பார்.

வீடியோ கேம் என்று வந்தால் மாமாவின் கருத்து இரண்டு பங்கு கடுமை. “உட்கார்ந்த இடத்துல பட்டனை அமுக்கிண்டு! மனுஷன் பண்ற காரியமா?” இதைச் சொல்பவர் ஹார்பர் லைனில் செம்பூரிலிருந்து வி.டி. வரை இருபத்தெட்டு வருஷம் மடியில் பிரீஃப்கேஸ் போட்டு ரம்மி ஆடியவர். ஆட்டம் முடியவில்லை என்பதற்காக மஸ்ஜிதில் இறங்க வேண்டிய கூட்டாளியை வி.டி. வரை இழுத்துப் போனவர். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்தபோது முதலில் கைதட்டினார். ரம்மியும் அதில் அடக்கம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். “தப்பு ரம்மி மேல இல்லை. ஆன்லைன் மேல.”

அவருடைய மருமான் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டிவியில் மாட்டி ஆடும் சாமுராய், மீடியா என்று வீடியோ கேம் பெட்டிகள் வந்தன. எல்லாம் ஜப்பான் நின்டெண்டோ பாணிப் பெட்டிகள். கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் காண்ட்ராவும் மாரியோவும்தான் வேறு வேறு வரிசையில் திரும்பத் திரும்ப வரும். மருமானுக்கு அப்போது பத்து வயசு. லாமிங்டன் ரோடு கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். மாமா அவன் தோளில் கை வைத்தார். “வெயிட் பண்ணு. விலை இறங்கும்.”

இறங்கிற்று. இறங்கி முடிந்தபோது அவன் வி.ஜே.டி.ஐ.யில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

நடுவில் அவன் காத்திருந்தான் என்று மாமா இன்றைக்கும் நம்புகிறார். பையன் டியூஷன் காசை மிச்சம் பிடித்து, தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுச் சந்து ஒன்றில் இருந்த கேம் பார்லருக்குப் போய்வந்தான். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். திருநெல்வேலிப் பையன்களும் உத்தரப் பிரதேசத்துப் பையன்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடிய அந்த ஆட்டத்துக்கு ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று பெயர். 1993-ல் கேப்காம் கம்பெனி கொண்டுவந்தது. பெயர் யாருக்கு வேண்டும்? மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா அதில் வருவான், ஆகவே ஆட்டமே முஸ்தபா. அந்தச் சந்தில் அவன் கற்றுக்கொண்ட வசவு இன்றுவரை மாமாவின் காதுக்கு எட்டவில்லை.

மருமான் இப்போது கலிபோர்னியாவில். நாற்பது வயதைத் தாண்டியவன் வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய கேம் பெட்டியும் கேசட்டுமாக வாங்கி அடுக்கியிருக்கிறான். வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு மாமா பூரித்துப்போனார். “அன்னிக்கு அவசரப்பட்டிருந்தா ஒண்ணுதான் கிடைச்சிருக்கும். பாரு, இப்ப ரூம் நிறைய!”

தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பற்றியும் மாமாவுக்குத் தீர்க்கமான கருத்துகள் உண்டு. எல்லாம் குடும்ப விவகாரம் பேசும் தொனியில் வரும். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த கூகுளின் சுந்தர் பிச்சை அவருக்கு ‘நம்ம சுந்தர்’. “அவா அப்பா ஜி.இ.சி.யில இன்ஜினியர். எங்க பேங்க் ஸ்விட்ச்போர்டெல்லாம் ஜி.இ.சி.தான்.” இதற்கு மேல் உறவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? கூகுள் ஸ்டேடியா என்ற வீடியோ கேம் சேவை 2019-ல் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது, “நம்ம சுந்தர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்” என்று மட்டும் சொன்னார். வீட்டுப் பிள்ளையை அதற்கு மேல் திட்ட முடியாது.

2023 ஏப்ரல் 18 அன்று டிம் குக்கே நேரில் வந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் ஆப்பிள் கடையைத் திறந்தார். கூட்டம் அடங்கட்டும் என்று மாமா இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு சொசைட்டி நண்பர்களோடு போனார். ஒன்றேகால் லட்ச ரூபாய் போனைக் கையில் எடுத்து எடை பார்த்தார், மாமிக்குக் கூப்பிட முயன்றார், சீருடைப் பையனுக்கு லித்தியம் பேட்டரி பற்றி வகுப்பெடுத்தார். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேக் பண்ணட்டுமா சார்?” என்றான். மாமா சிரித்துக்கொண்டே ஏ.சி.யில் இன்னும் அரைமணி நின்றுவிட்டு வெளியே வந்தார்.

மாமாவின் பழைய ஐபோன் பேட்டரி உப்பியபோது அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. மிட்டி ஆற்றைத் தாண்டினால் தாராவி. தொண்ணூறு அடி ரோட்டில் பெட்டிக்கடை அகலத்தில் ஒரு ரிப்பேர் கடை, உள்ளே நெல்லைப் பக்கத்துத் தம்பி ஒருவன். ஹீட்டரில் வைத்து, டிஸ்ப்ளேயை நெகிழ்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்பித் திறந்தான். அவன் திறந்த நேரத்தில் மாமா ஆப்பிள், சாம்சங், சீனா, தைவான் நான்கையும் அலசிவிட்டார். தம்பி தலை நிமிரவில்லை.

“நீ என்னப்பா சொல்றே? எது நல்ல போன்?”

“உள்ளாற எல்லாம் ஒண்ணுதான் சார். நனைக்காம இருந்தாச் சரி.”

ஆயிரக்கணக்கில் போனைத் திறந்து பார்த்தவனுக்கு ஒரு கருத்துகூட இல்லையே என்று மாமாவுக்கு மனசே ஆறவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். “இந்தத் தலைமுறைக்கு சப்ஜெக்ட்ல ஆழமே இல்லை.” வாங்கித் தூக்கிப் போட்ட டிவி, கீபோர்டு, ரிமோட்டின் பிளாஸ்டிக்கெல்லாம் அதே தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் ரகம் பிரித்து அரைபடுவதை மாமா ஒரு முறை பார்த்திருக்கிறார். வெயிட் பண்ணாதவர்களின் கதி என்று பேரனுக்குக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பிடிக்க வேண்டுமானால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வாசலுக்குப் போக வேண்டும். 1940-லிருந்து இருக்கும் கடை. சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் வெயிலில் நெளிய, மாமா மலர்வார். உலகம் தன் கொள்கைப்படி நடக்கும் ஓரிடம் என்பதாலோ என்னவோ, அங்கேதான் அவருடைய நீண்ட பிரசங்கங்கள் நடக்கும். போன மாதம் அந்த வரிசையில் பேத்தி தன் டேப்லெட்டில் ‘வெண்பா’ என்ற விளையாட்டைக் காட்டினாள். டொரொண்டோவில் இருக்கும் தமிழர் ஒருவர் உருவாக்கி 2023-ல் வந்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகூட வாங்கியது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா இட்லி வார்க்கிறாள், தட்டுகளைச் சரியாக அடுக்க வேண்டியது நம் வேலை. மாமா முதல் முறையாக ஒரு வீடியோ கேமைக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

“மாவு அரைச்சு எத்தனை நாழி ஆச்சு?”

“தாத்தா, ஊத்துங்கோ. அவ்ளோதான்.”

“புளிக்காத மாவை எப்படிடி ஊத்தறது? ராத்திரி பூரா வெயிட் பண்ண வேண்டாமா? கேம் போட்டவனுக்கு இது தெரியாதா?” டேப்லெட்டை மூடி அவளிடமே கொடுத்துவிட்டார்.

பப்ஜி விவகாரத்தில் மாமா சொன்னதும் நினைவிருக்கிறது. 2020 செப்டம்பரில் தடை, அடுத்த வருஷம் வேறு பெயரில் வந்தது, அதற்கடுத்த வருஷம் மறுபடி காணாமல் போனது, 2023-ல் திரும்பிற்று. “அதுக்கே ஓரிடத்துல நிலையில்லை. நீ எதுக்கு டவுன்லோட் பண்றே?”

இப்படி இருந்த மாமா சமீபத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு அடிமையாகிவிட்டார். ஜி.டி.ஏ. ஆறாம் பாகம். ஐந்தாவது வந்தது 2013-ல். ஆறாவதின் முதல் முன்னோட்டப் படம் 2023 டிசம்பரில் வந்தது. 2025-ல் என்றார்கள், 2026 மே என்று தள்ளினார்கள், பிறகு நவம்பர் 19 என்றார்கள். எதிர் ஃப்ளாட் பையன் இதை அழாக்குறையாகச் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் விளக்குப் போட்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இளைஞர்கள், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்!

“பேஷ்! ஆட்டம்னா இதுதாண்டா ஆட்டம். அந்தக் கம்பெனிக்காரன் விஷயம் தெரிஞ்சவன்.”

அன்றிலிருந்து லிஃப்டில் பையனைப் பார்க்கும்போதெல்லாம் தேதி மாறிற்றா என்று மாமாதான் ஆவலாகக் கேட்கிறார். போன வாரம் கீழ்த்தளத்தில் கதவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, பையனிடம் ரகசியம்போலச் சொன்னார்:

“வந்த அன்னிக்கே வாங்கிடாதே, என்ன? முதல்ல வர்றதுல பக் இருக்கும்.”