ஆக்சுவலா

பொள்ளாச்சி பஸ் எங்கே நிற்கும் என்று கோவை உக்கடத்தில் யாரைக் கேட்டாலும் இப்போதெல்லாம் பதில் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. “ஆக்சுவலா இங்கதானுங்க நிக்கோணும்.” நிற்காது என்று அர்த்தம்.

எண்பதுகளில் இதே கேள்விக்கு “வந்துங்க...” என்று ஆரம்பிப்பார்கள். எதுவும் வரவில்லை, ஆள் யோசிக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் தராது. ‘ஆக்சுவலி’ என்று சொல்ல அன்றைக்கு ஒரு தகுதி வேண்டும். பேங்க் ஆபீசர் சொல்லலாம், இங்கிலீஷ் வாத்தியார் சொல்லலாம். எங்கள் தெருவில் இன்சூரன்ஸ் வேலையில் இருந்த ஒருவர் மட்டும் சொல்வார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை தெருவே காத்திருக்கும்.

மற்றவர்களுக்கு அந்தச் சொல் இல்லாமலேயே பிழைப்பு ஓடியது. பாலக்காட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் ‘சத்யத்தில்’ என்பார். தெலுங்கு பேசும் வீடுகளில் ‘நிஜங்கா’. உருது பேசும் வீடுகளில் ‘அசல் மே’. கிராமத்து ஆட்களுக்கு ‘நெசமாலுமே’. அரபியில் வேர் என்று பொருள்படும் அந்த ‘அசல்’தான் வட்டிக் கணக்கிலும் கோர்ட்டுப் பத்திரத்திலும் புகுந்து தமிழாகவே ஆகிவிட்டது. உக்கடத்துப் பழைய ஸ்பேர் கடைகளில் அதற்குத் தனி மரியாதை.

எங்கள் அப்பாவின் ஸ்கூட்டருக்கு பேரிங் வாங்கப் போனது நினைவிருக்கிறது. கடைக்கார பாய் கிரீஸ் படிந்த பேரிங்கை வேட்டித் துணியால் துடைத்து, உள்வளையத்தில் சுண்டுவிரலை நுழைத்து, வெளிவளையத்தைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். கரகரப்பு இல்லை. “அசலுங்களா பாய்?” என்றார் அப்பா. “சத்தத்தைக் கேளுங்க, தெரியும்” என்று அப்பாவின் காதுக்கே நீட்டினார் அவர். அதற்கு மேல் உரிச்சொல்லுக்கோ வினையடைக்கோ அங்கே வேலை இருக்கவில்லை.

இந்த ‘ஆக்சுவல்’ பெரிய இடத்துப் பிள்ளை. ‘செய்’ என்று பொருள்படும் லத்தீன் ‘அகெரெ’யிலிருந்து ‘ஆக்டுஸ்’, அதிலிருந்து ‘ஆக்டுவாலிஸ்’, அப்புறம் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷ். அரிஸ்டாட்டிலின் ‘எனெர்கெயா’வுக்கு லத்தீன் பண்டிதர்கள் கொடுத்த பெயரும் ‘ஆக்டுஸ்’தான்: விதை மரமாகிவிட்ட நிலை. மரமாகக்கூடும் என்கிற நிலைக்கு ‘பொடென்ஷியா’ என்று வேறு பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆக்சுவலி’யின் கூடப்பிறந்த சொல்லை ‘இப்போது’ என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் ‘செயல் அளவில்’ என்று தொடங்கி ‘உண்மையில்’ என்பதற்கு வந்து சேர்ந்தார்கள். வாலில் ஒட்டியிருக்கும் ‘லி’ இருக்கிறதே, பழைய இங்கிலீஷில் அதன் மூலம் ‘லிச்’, அதாவது உடம்பு. உடம்புக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நாம் இதற்கெல்லாம் அசரவேண்டியதில்லை.

அசரவும் இல்லை. ‘லி’யை வெட்டி எறிந்துவிட்டு, ‘வேகமா’, ‘மெதுவா’ மாதிரி நம்முடைய ‘ஆ’வை ஒட்ட வைத்தோம். பழைய வண்டிக்கு உள்ளூர் ஸ்பேர் போட்டு ஓட்டுகிற ஊருக்கு இது பெரிய காரியமில்லை. பொருளையும் சேர்த்துக் கழற்றி மாட்டியதுதான் சாமர்த்தியம். “ஆக்சுவலா நேத்தே குடுத்திருக்கோணுங்க” என்கிறார் தையல்காரர். “ஆக்சுவலா கிலோ நானூறுங்கக்கா” என்கிறார் மீன் மார்க்கெட்டில் ஒரு தம்பி; முந்நூற்றைம்பதுக்குத் தரப்போகிறார் அல்லது ஐந்நூறு கேட்கப்போகிறார். நடந்ததைச் சொல்லப் பிறந்த சொல் இங்கே நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிறது. அரிஸ்டாட்டில் பாடுபட்டுப் பிரித்துவைத்த இரண்டையும் உக்கடம் இடம் மாற்றி வைத்துவிட்டது.

இதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் போகும் மேம்பாலத்துக்கு 2018இல் வேலை தொடங்கி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்த வருஷங்களில் நேற்று போன வழி இன்று இருக்காது. ரோடு இருக்கவேண்டிய இடத்தில் குழி, குழி இருந்த இடத்தில் தூண். இருப்பதும் இருக்கவேண்டியதும் தினமும் சண்டை போட்டுக்கொண்ட இடத்தில் ‘வந்துங்க’ தாக்குப்பிடிக்கவில்லை. அதைவிடக் கனமான சொல் தேவைப்பட்டது.

அந்த இன்சூரன்ஸ்காரர் இப்போது பெரியகுளக் கரையில் வாக்கிங் போகிறார். குளத்தைச் சுற்றி விளக்கும் நடைபாதையும் போட்டு அழகாக்கியிருக்கிறார்கள். போன வாரம் பார்த்தபோது, சுண்டல் விற்கும் பையனிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆக்சுவலா குடுத்துட்டனுங்க தாத்தா” என்றான் பையன்.

“நெசமாலுமா?” என்றார் அவர்.