எளிமையானது, வேகமானது, எடை குறைந்தது

டெபியன் என்கிற இலவச இயங்குதளத்தில் ஒரு பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருளை, பார்த்துக்கொள்பவருக்கு மெயின்டெய்னர் என்று பெயர். ஊர் உலகமெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று ராக்கண் விழித்து உழைக்கிற தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை: தன் பேக்கேஜ் என்ன செய்யும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

விளக்கம் எழுதாமல் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். எழுதியிருப்பார். 'லிப்குருவி' என்று ஒரு பேக்கேஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விளக்கம்: "குருவி லைப்ரரி." கொஞ்சம் தாராள மனசுக்காரராக இருந்தால், "எளிமையான, வேகமான, எடை குறைந்த குருவி லைப்ரரி." மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால், "ஒல்லியாக இருப்பார், வேகமாக நடப்பார்" என்று பதில் சொல்கிற தரகரின் சாமர்த்தியம் இது. எடை குறைந்தது என்பதை நம்பி இன்ஸ்டால் செய்தீர்களோ, குருவி தான் இயங்கத் தேவையான நாற்பது டிபென்டன்சிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து சேரும்.

இன்னும் விவரம் வேண்டுமா? "பழைய குருவியை ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதியது. கழுகைப் போலவே, ஆனால் கழுகின் தொல்லைகள் இல்லாமல்." சரி, கழுகு என்ன செய்யும் என்று அங்கே போய்ப் பார்த்தால், "குருவிக்கு மாற்று" என்று இருக்கும்.

இத்தனைக்கும் டெபியனில் விதிமுறைக்குப் பஞ்சமில்லை. சுருக்க விளக்கம் ஒரே வரி, 80 எழுத்துக்குள். பேக்கேஜின் பெயரை அதில் திரும்பச் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் 'எ', 'தி' என்று ஆரம்பிக்கக் கூடாது. கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது. விளம்பரப் பேச்சு ஆகாது. இவற்றில் பலவற்றைச் சோதித்துப் பார்க்க லின்டியன் என்றொரு நிரலே இருக்கிறது. நம்மவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். பெயரை எடுத்தார், புகழ்ச்சியை எடுத்தார், புள்ளியையும் எடுத்தார். மிஞ்சியது 'லைப்ரரி'. லின்டியன் வாயைத் திறக்கவில்லை.

கீழே விரிவான விளக்கம் எழுதும்போதும் அதே சுத்தம். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு ஸ்பேஸ். பத்தி பிரிக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸும் ஒற்றைப் புள்ளியும். வடிவத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. சரக்குதான் இல்லை.

முன்பின் பார்த்திராத ஒருவர், இதை நிறுவலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அளவுக்கு விளக்கம் இருக்க வேண்டும் என்கிறது டெபியனின் கொள்கை ஆவணம். சிக்கலே இங்கேதான். குருவியோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவருக்கு, குருவியைத் தெரியாத ஜீவன் ஒன்று உலகத்தில் உண்டு என்பதே நம்ப முடியாத சேதி.

அதே டெபியனின் பேக்கேஜ் களஞ்சியத்தில் 'கவ்சே' என்றொரு பேக்கேஜ் இருக்கிறது. நீங்கள் தருகிற வாசகத்தைத் திரையில் ஒரு மாடு பேசுவதுபோல் எழுத்துகளாலேயே வரைந்து காட்டும். வேறு பயன் கிடையாது. அதன் சுருக்க விளக்கம் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள்: விருப்பப்படி மாற்றிக்கொள்ளத்தக்க பேசும் மாடு. மாடு வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார், வேண்டாதவர் அடுத்ததைப் பார்க்கிறார். மாட்டுக்கு வாய்த்த தெளிவு குருவிக்கு வாய்க்கவில்லை.

ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான், "இது என்ன செய்யும் என்று விளக்கத்தில் இல்லையே" என்று குருவியின் மேல் ஒரு பக், அதாவது பிழைப் புகார், பதிவு செய்கிறார். நம்மவருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. நள்ளிரவில் பதில் எழுதுகிறார்: "போட்டோக்களை எடுத்த தேதியைப் பார்த்து, அந்தத் தேதியையே ஃபைல் பெயராக மாற்றி வைக்கும். இதுகூடவா தெரியாது?" எழுதிவிட்டு, 'சரிசெய்யப்போவதில்லை' என்று முத்திரை குத்தி பக்கை மூடிவிடுகிறார்.

மெயின்டெய்னர் ஐயா, அந்தப் பதிலின் முதல் வாக்கியம்தான் உங்கள் பேக்கேஜ் இத்தனை நாளாகக் காத்திருந்த விளக்கம். இரண்டாவதை வெட்டிவிட்டு, முதலாவதை அப்படியே டிஸ்கிரிப்ஷனில் ஒட்டுங்கள். முற்றுப்புள்ளியை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.