கை நிற்றலும் வாய் நிற்றலும்: நடுவயதுக் கித்தார் மாணாக்கர் இயல் ஓர் ஆய்வு

மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை எட்டு உவமைகளுள் அடக்கிய நன்னூல், நாற்பது வயதில் கித்தார் வாங்கி, வாசித்துக்கொண்டே பாடவும் துணிகிறவரைப் பற்றி ஒன்றும் கூறாமல் விட்டது. அக்குறையை நீக்க எழுந்தது இவ்வாய்வு. இத்தகையோர் நால்வகைப்படுவர்: பாட்டுத் தொடங்கியதும் கை நிற்பவர், கார்டு என்னும் சுரக்கூட்டை மாற்றுகையில் வாய் நிற்பவர், இரண்டும் நிற்பவர், எதுவும் நில்லாதவர். நான்காம் வகையினர் ஆய்வாளருக்கு உரியவரல்லர், அண்டைவீட்டாருக்கு உரியவர்.

கை நிற்றலின் காரணம் குறித்து உரைகாரரிடையே ஒற்றுமையில்லை. விரல்நுனி வலியே காரணம் என்பது கட்டில்விளிம்பு உரை. எஃப் கார்டே காரணம் என்பது மொட்டைமாடி உரை. ஆள்காட்டி விரல் ஒன்றால் ஆறு கம்பிகளையும் அழுத்தச் சொல்லும் அக்கார்டு பலருடைய இசைவாழ்வை முடித்துவைத்தது மெய்யே. ஆயினும் ஜி, சி, டி என மூன்றே கார்டு உள்ள பாட்டிலும் கை நிற்கக் காண்கிறோமாதலின் அவ்வுரை பொருந்தாது. மொட்டைமாடி உரைக்குக் கீழ்வீட்டார் இயற்றிய மறுப்புரை, ஒட்டடைக் கம்பால் கூரையில் இடித்த மூன்று இடிகளாக மட்டும் கிடைத்துள்ளது. அவற்றுள் இரண்டாம் இடி இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். மூன்றும் ஒரே ஆசிரியருடையவை என நிறுவ எழுந்த பெருநூலின் முதல் தொகுதி முழுதும் ஒட்டடைக் கம்பின் காலநிர்ணயத்திலேயே கழிந்தது. கித்தார் இரண்டாம் தொகுதியில் வருவதாக இருந்தது. அதற்குள் நிதிநல்கை முடிந்துவிட்டது.

நம் துணிபு வேறு. வலக்கை மேலும் கீழுமாகத் தாளம் பிசகாமல் ஓடவேண்டும். பாட்டின் சொற்களோ தாளத்துக்கு முன்னும் பின்னும் விழும். பழகாத கை தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லுக்குச் சொல் கம்பியைத் தட்டப் போய்விடுகிறது. நீண்ட சொல் வந்ததும் நின்றுவிடுகிறது. வீணை தனம்மாள் வாசித்துக்கொண்டே பாடவில்லையா என்று வினவலாம். பாடினார். ஆனால் வீணையில் விரல் செல்லும் வழி பெரிதும் குரல் செல்லும் வழியே. கித்தாரிலோ கை கார்டையும் தாளத்தையும் தாங்க, மெட்டைக் குரல் மட்டும் தனியே தூக்கிச் செல்ல வேண்டும். மேலும் தனம்மாள் இசைக்குடும்பத்தில் பிறந்தவர். நம் மாணாக்கர் மாதத் தவணையில் கித்தார் வாங்கியவர்.

இத்துணை அரிய செயலை எளிதென்று நம்பவைத்தது திரைப்படம். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யில் மோகன் கித்தாரை ஏந்தி ‘இளைய நிலா’ பாடுகிறார். மெட்டு இளையராஜாவுடையது, குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடையது, கித்தார் ஒலி ஒலிப்பதிவுக் கூடத்துக் கலைஞருடையது. பலர் பகிர்ந்த உழைப்பை ஓருடம்பில் கண்டவர், தம் ஓருடம்பும் போதும் என்று கடைக்குப் போய்விடுகிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதையோ இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறது. கானல்வரியில் கோவலன் தானே யாழ் வாசித்துப் பாடினானே என்பது வலுவான மறுப்பு. பாடினான், மாதவியும் யாழை வாங்கிப் பாடினாள், அன்றே இருவரும் பிரிந்தனர். ஊழ்வினை யாழைச் சாக்கிட்டு வந்தது என்று இளங்கோவடிகளே கூறுவதால் இது நம் கற்பனையன்று. அந்நூலின் காலத்தைப் பற்றி அறிஞர் வழக்காடிய ஆண்டுகளில் அவர்கள் யாழே பழகியிருக்கலாம் என்பதையும் இங்குக் குறிக்கத் தோன்றுகிறது.

ஆகவே நாம் காணும் முடிபு: தடை திறமைக் குறைவன்று, வரிசைப் பிழை. கையைப் பற்றிய நினைவே இல்லாமல் கை ஓடும்வரை பாடற்க. இரண்டு கார்டுப் பாட்டை எடுத்து, வீட்டாரோடு பேசிக்கொண்டே வாசிக்க. பேச்சு தடைப்படாதபோது மெட்டை முணுமுணுக்க. சொற்களைக் கடைசியில் சேர்க்க. அப்போதும் தடுமாறினால் ஒவ்வொரு கார்டையும் ஒரே தட்டோடு நிறுத்திப் பாடுக. குரலுக்கு ஏற்பக் கேப்போ என்னும் கம்பிக் கவ்வியை நகர்த்துக. கேப்போவுக்கு ஏற்பக் குரலை நகர்த்தற்க. இவற்றுக்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. இதைப் படித்து முடித்தவர் அடுத்த ஆய்வுக் கட்டுரையைத் தேடாமல் கித்தாரை எடுக்க.