ஆட்டுத்தோல் வீட்டுக்காரர்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஜெர்மனிக்குப் போற விண்ணப்பத்துல ஒரு கட்டம் உன்னை ரெண்டு நாளா தூங்கவிடலன்னு உன் ஆத்தா சொன்னா. 'குடும்பப் பேரு'ங்கற எடத்துல என்ன எழுதறதுன்னு முழிக்கிறியாமே? சோழன்னு போடலாமா, கரிகாலன்னு போடலாமான்னு சேக்காளிங்ககிட்ட யோசனை வேற கேட்டியாம். ஏன்டா, நாலு தலைமுறையா ஊரு நம்மள 'கெடாக்கார வீடு'ன்னுதானே கூப்பிடுது, அதை எழுதேன். வெக்கமா இருக்கோ?

தரங்கம்பாடி புது எருசலேம் கோயில்ல படுத்திருக்காரே ஜெர்மன்காரப் பாதிரியாரு சீகன்பால்கு ஐயரு, அவரு பேருக்கு அர்த்தம் தெரியுமா ஒனக்கு? நாப்பது வருஷம் அந்தக் கல்லறைக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்கு வழி காட்டினவன் நான். காசுன்னா கையை இறுக்கிப் புடிப்பானுங்க, கதைன்னா அள்ளிக் குடுப்பானுங்க. அப்படி வாங்கின கதைதான் இது. முதப் பாதி 'சீகன்', அப்படின்னா வெள்ளாடு. பின்பாதி 'பால்க்', அப்படின்னா உரிச்ச தோலு. ரெண்டையும் சேத்துப் பாரு, ஆட்டுத்தோலு! நம்ம ஊரு நாக்கு அதைத் தமிழ்ல வளைச்சு 'பால்கு'ன்னு ஆக்கி, தோலை பாலாக்கிப்புட்டுது. கறந்தது நாமதான், அந்த மனுசன் ஒண்ணும் சொல்லல.

அவரு பொறந்தது 1682-ல, சாக்சனியில ட்ரெஸ்டனுக்குப் பக்கத்துல புல்ஸ்நிட்ஸ்ங்கற சின்ன ஊருல. டென்மார்க் ராசா நாலாம் ஃபிரெடரிக் அனுப்பி, 1706 ஜூலை 9-ந் தேதி நம்ம கரையில எறங்கினாரு. நம்ம சாமிங்களோட வம்சாவளியையே 1713-ல எழுதி முடிச்சாரு. தமிழ்ல புதிய ஏற்பாட்டை 1715-ல அச்சுல ஏத்தினாரு. 1719-ல இங்கயே கண்ணை மூடிட்டாரு. இத்தனையும் பண்ணின மனுசன், புத்தகத்துல எங்கயாச்சும் 'ஆட்டுத்தோலு'ன்னு போட வெக்கப்பட்டாரா? நீ கணினி தட்டப் போறவன், உனக்குக் கரிகாலன் கேக்குது.

அவரு பாட்டன் பூட்டன்ல எவனுக்கு அந்தப் பேரு விழுந்துச்சோ! தோல் பதனிடறவன்னா அங்க நேரா 'கெர்பர்'னு பேரு இருக்கு, ஊரு ஊரா இருக்கான். இது அப்படி இல்ல. இது எவனோ வாய்க்கொழுப்பு புடிச்சவன் வெச்ச பேரு. ஆட்டுத்தோல் சொமந்து சந்தைக்குப் போனவனா இருக்கலாம், தோல்சட்டை போட்டுத் திரிஞ்சவனா இருக்கலாம். கொல்லன் பட்டறைத் துருத்தி இருக்கு பாரு, அதுக்கும் அவங்க பாசையில 'பால்க்'குன்னுதான் முடியும். வீட்டுல அடங்காத புள்ளையத் திட்டறதுக்கும் அதே சொல்லுதான். உன்னை மாதிரி ஒரு பய அந்த வம்சத்துல பொறந்திருந்தா ஆத்தாக்காரி என்னான்னு கூப்பிட்டிருப்பான்னு யோசிச்சுப்பாரு.

ஜெர்மன்காரனுங்க பேரெல்லாமே இப்படித்தான்டா. 12-ஆம் நூத்தாண்டுலேருந்து நகரத்துல கூட்டம் பெருகிடுச்சு. ஒரே தெருவுல நாலு யோகன்னெஸ் இருந்தா வரி வசூலிக்கறவன் யாரைப் புடிப்பான்? மாவு அரைக்கிறவன் ம்யுல்லர், இரும்படிக்கிறவன் ஷ்மிட், துணி தைக்கிறவன் ஷ்னைடர்னு ஒரு ஒட்டு சேத்தானுங்க. அந்த ம்யுல்லர்தான் இன்னைக்கு அந்த தேசத்துலயே அதிகமான பேரு, நூத்துக்கு கிட்டத்தட்ட ஒருத்தன். ஊரு நாட்டாமைக்கு வந்த பேருதான் ஷோல்ட்ஸ். முட்டைக்கோஸ்ங்கற பேரை வெச்சுக்கிட்டே ஹெல்முட் கோல் 1982-லேருந்து 1998 வரைக்கும் நாட்டையே ஆண்டாரு.

அதோட விட்டானுங்களா? ஒரு குடும்பத்துக்கு 'ஷ்லுக்கபியர்'னு பேரு. பீரை முழுங்குன்னு அர்த்தம். ராத்திரி கூத்தடிச்ச எவனுக்கோ ஊரு வெச்சது, பேரப்பசங்க வரைக்கும் ஒட்டிக்கிச்சு. இன்னொண்ணு 'ஹாசன்ஃப்ளுக்'. கலப்பையைக் கண்டா வெறுக்கறவன்! நம்ம மேலத்தெருவுல எத்தனை பேருக்குப் பொருந்தும், சொல்லு. அந்தப் பேருல ஒரு மந்திரியே இருந்தாரு, லுட்விக் ஹாசன்ஃப்ளுக். தேவதைக் கதை தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருக்காங்களே, அவங்க தங்கச்சியைக் கட்டினவரு. ஹெசன் நாட்டுல அவரு பண்ணின அதிகாரம் பொறுக்காம சனங்க பேரை லேசாத் திருகி 'ஹெசன்ஃப்ளூக்'னாங்க. ஹெசனுக்கு வந்த சாபம்னு அர்த்தம். ஊரு வாய்க்கு எந்த ஊரா இருந்தா என்ன!

நம்ம ஊருலயும் பட்டப்பேரு உண்டு. நம்ம வீட்டுப் பேரு மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர, ஆளு செத்தா ரெண்டு தலைமுறையில பேரும் சாவும். அங்க அரசாங்கம் குறுக்க வந்து அதை உறைய வெச்சிட்டுது. 1876-லேருந்து நாடு முழுக்கப் பதிவு அலுவலகம் வந்துச்சு. குமாஸ்தா எந்த எழுத்துல எழுதினானோ அதுதான் பேரு, அதுக்கப்புறம் அசையாது. மையர்ங்கற ஒரே பேரை நாலு விதமா எழுதி, நாலு குடும்பமும் நானு வேற நீ வேறன்னு நிக்குது.

சிரிக்காத, இதைக் கேளு. வடமேற்குல ஓஸ்ட்ஃபிரீஸ்லாந்துன்னு ஒரு பகுதி இருக்கு. அங்க முன்னாடி நம்மள மாதிரிதான் பழக்கம். அப்பன் பேருதான் புள்ளைக்கு ஒட்டு. ஹார்ம் மவன் ஹார்ம்ஸ், யான் மவன் யான்சன், பேரன் வந்தா அதுவும் மாறிடும். 1811-ல நெப்போலியன் ஆணை போட்டான், எல்லாரும் ஒரு நிலையான குடும்பப் பேரை எடுத்துக்கணும்னு. சனங்க முணுமுணுத்தாங்க, ஆனா பட்டாளம் வெச்சிருக்கறவன்கிட்ட வழக்காட முடியுமா? அன்னைக்கு அப்பன் யாரோ, அவன் பேருலயே பல குடும்பம் இன்னைக்கு வரைக்கும் நிக்குது. ஆக, உன் அப்பன் பேரை அந்தக் கட்டத்துல எழுதினா நீ ஒண்ணும் காட்டான் ஆயிட மாட்ட. ஒனக்கு முன்னாடியே அங்க ஒரு நாட்டுப்புறத்துல பல பேரு அப்படித்தான் எழுதியிருக்காங்க.

சரி, ஆட்டுத்தோலு மாதிரி அபூர்வப் பேருக்காரன் எத்தனை பேரு இருக்கான், எங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறான் தெரியுமா? தொலைபேசிப் புத்தகத்தை வெச்சு! பேருகளை ஆராயற அவனுங்க பண்டிதருங்க 2005-ஆம் வருஷத்து தரைவழி இணைப்புகளை எடுத்து, எந்தப் பேரு எந்தத் தபால் பகுதியில எத்தனைன்னு வரைபடமா போட்டு வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் எல்லாம் கைபேசியாயிடுச்சே, புத்தகத்துல ஆளேது? இன்னும் பின்னால போகணும்னா முதல் உலகப்போரு பட்டியல் இருக்கு. செத்தவன், காயம்பட்டவன், காணாப் போனவன்னு 80 லட்சத்துக்கு மேல பேரு. சாக்சனியில இருந்து போனவன் எந்த ஊருக்காரன்னு அதுல பாத்துத்தான், எந்தப் பேரு எங்க மொளைச்சுதுன்னு சொல்றானுங்க. சாவுக் கணக்குல வம்சம் தேடற பொழப்பு. ஆட்டுத்தோல் வீட்டுக்காரங்க இன்னைக்கும் சாக்சனிப் பக்கம்தான் கூடுதல்.

அபூர்வம்னா அழியறதும் சுலபம். 1870-கள்ல இங்கிலாந்துல கால்டன்னு ஒருத்தரும் வாட்சன்னு ஒரு பாதிரியாரும் இதுக்குக் கணக்கு போட்டாங்க. வீட்டுக்கு வீடு சராசரியா ஒரு ஆம்பளைப் புள்ளைக்கு மேல போகலேன்னா, அந்தப் பேரு என்னைக்காச்சும் தீர்ந்தே போகும். எதுக்கு ஆம்பளைப் புள்ளை? பொண்ணு கட்டிக் குடுத்தா பேரும் போயிடுமே! ஜெர்மனியில புருசன் பேரைத்தான் போடணும்னு சட்டமே இருந்துச்சு. 1976-ல கொஞ்சம் தளர்த்தினாங்க. அதுலயும் புருசன் பொஞ்சாதி ஒத்துவரலேன்னா புருசன் பேருன்னு இழுத்ததை, 1991-ல அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. 2025 மே மாசத்துலேருந்து புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ரெண்டு குடும்பப் பேரையும் சேத்து வெச்சுக்கலாம். முட்டைக்கோஸ் வீட்டுப் பொண்ணும் ஆட்டுத்தோல் வீட்டுப் பையனும் கல்யாணம் பண்ணினா குழம்பே வெச்சிடலாம்.

பேரை மாத்தணும்னு நெனச்சாலும் லேசில்ல. முக்கியமான காரணம் காட்டணும். கேலிக்கு எடமாகுது, அசிங்கமா இருக்கு, இல்லேன்னா ஊருபட்ட ம்யுல்லர்ல நான் எந்த ம்யுல்லர்னு தெரியலன்னு சொல்லணும். அந்தச் சட்டம் 1938-ல ஹிட்லர் காலத்துல வந்தது. அதே வருஷம்தான் அரசாங்கப் பட்டியல்ல உள்ள யூதப் பேரு இல்லாத யூத ஆம்பளைங்க 'இஸ்ரேல்'னும் பொம்பளைங்க 'சாரா'ன்னும் ஒரு பேரைச் சேத்துக்கணும்னு உத்தரவு போட்டானுங்க. பேரை வெச்சு ஆளைப் பொறுக்கி எடுத்தானுங்க. அதைச் சொன்ன வெள்ளக்காரக் கெழவரு அதுக்கு மேல பேசல, நானும் கேக்கல.

ஒனக்கு நான் சொல்ற யோசனை இதுதான். கெடாக்கார வீடுன்னு எழுதச் சொன்னது உன்னைச் சீண்டறதுக்குத்தான், உங்கப்பன் பேரையே எழுது. அங்க வாத்தியாரு 'ஹெர் கோவிந்தசாமி'ன்னு, அதாவது திரு கோவிந்தசாமின்னு கூப்பிட்டா, அப்பன்தான் வந்துட்டானோன்னு பின்னால திரும்பிப் பாக்காத, அது நீதான். குடியிருக்கற மாடிக்கு நம்பரெல்லாம் பெரும்பாலும் கெடையாது. அழைப்புமணியிலயும் தபால் பெட்டியிலயும் அந்தப் பேரை ஒட்டலேன்னா ஒரு கடுதாசி வராது. கரிகாலன்னு கடவுச்சீட்டுல இல்லாததை ஒட்டி வெச்சேன்னா, தபால்காரன் உன்னைத் தேடிக் கல்லணைக்கு வரமாட்டான்.

இன்னொரு வேலையும் இருக்கு. புல்ஸ்நிட்ஸ் பக்கம் போனா, அங்க 'மிளகு ரொட்டி'ன்னு ஒண்ணு விப்பாங்க. 1558-லேருந்து அந்த ஊரு ரொட்டிக்காரங்களுக்கு அதைச் சுட உரிமை இருக்கு. பேருதான் மிளகு, கடல் தாண்டி வந்த வாசனைச் சரக்கு எல்லாத்துக்கும் அந்தக் காலத்துல அவனுங்களுக்கு மிளகுன்னுதான் பேரு. எனக்குப் பல்லு நாலுதான் இருக்கு, அதனால மெதுவானதாப் பாத்து ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா. உங்க ஆத்தாகிட்ட குடுக்காம நேரா என்கிட்ட கொண்டாந்து குடு.